ஐந்து கோட்டு அணிலுக்குப் பத்து நாள் காவல்

வுப்பர்டால் கல்லறைத் தோட்டத்தில் நான் பார்த்த அணில் நம்ம ஊர் அணில்தான் என்று முதலில் நம்பினேன். எந்தப் புண்ணியவானோ கொண்டுவந்து விட்டிருக்கிறான், இல்லையென்றால் யாருடைய பெட்டிக்குள்ளோ கருவாட்டோடு கருவாடாகப் படுத்து விசா இல்லாமல் வந்திருக்கிறது என்று நினைத்தேன். ஐம்பத்திரண்டு வயதுக்காரன், இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தவன், தூத்துக்குடியில் வலைக்கும் கயிற்றுக்கும் கடை வைத்திருப்பவன் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் அதன் முதுகில் கோடு இருந்தது. கோடு போட்டிருந்தால் நம்ம அணில். வெளிநாட்டு அணிலுக்குக் கோடு கிடையாது, ராமர் அந்தப் பக்கமெல்லாம் போகவில்லை. எனக்குத் தெரிந்த விலங்கியல் இவ்வளவுதான். நான் வேதக்கோயில் ஆள், கிறிஸ்தவன். அணில் விஷயத்தில் மட்டும் ராமர் கட்சி.

இந்த நம்பிக்கை என் விரலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

போன காரியம் வேறு. தங்கை ரெஜினாவின் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. தாய்மாமன் இல்லாமல் நடக்காது என்று போனில் சொல்லியிருந்தாள். போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்த பிறகுதான், கருப்பட்டியும் மாசிக் கருவாடும் இல்லாமல் நடக்காது என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது. ரெஜினாவின் கணவர் அருள் தலைமன்னார்க்காரர். சண்டைக் காலத்தில் படகேறி வந்து, எங்கள் கடையில் சில வருஷம் கயிறு அளந்தார். பிறகு ஜெர்மனி போய்க் காலூன்றி, கடிதம் போட்டுப் பெண் கேட்டார். இப்போது ரொட்டி ஆலையில் இரவு ஷிஃப்ட். கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து என் தங்கை தூத்துக்குடித் தமிழை அவிழ்த்துப் போட்டுவிட்டு மன்னார்த் தமிழை உடுத்திக்கொண்டாள். "அண்ணே, களைச்சுப் போனீங்களோ?" என்று விமான நிலையத்தில் கேட்டபோது, தப்பான ஆளைக் கட்டிப்பிடித்துவிட்டோமோ என்று ஒரு அடி பின்வாங்கினேன்.

வியாழக்கிழமை மத்தியானம். அடுக்களையில் கட்லட்டுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவளிடம் நான் பழைய கதை பேசிக்கொண்டிருந்தேன். "எனக்கு வேலை தலைக்கு மேல. நீங்கள் மேல கல்லறைப் பக்கம் காலாற நடந்திட்டு வாங்கோ" என்றாள்.

காற்று வாங்கக் கல்லறைக்கு அனுப்புகிற தங்கையை அன்றுதான் பார்த்தேன். போய்ப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பில்லை. மலைச்சரிவில் பெரிய தோட்டம். ஓங்கிய பீச் மரங்கள், பெஞ்சுகள், வரிசையாகத் தொங்கும் பச்சை நிறப் பூவாளிகள். ஒவ்வொரு கல்லறையும் ஒரு பாய் அகலத்தில் குட்டித் தோட்டம். நாங்கள் ஊரில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, அழுதுவிட்டு அடுத்த நவம்பர் வரைக்கும் மறந்துவிடுவோம். இங்கே வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி இறந்தவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.

அங்கேதான் அது ஓடியது. ஒரு சாம்பல் கல்லின்மேல் ஏறி நின்று, முன்னங்கால்களை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. கன்னம் இரண்டும் வீங்கியிருந்தன. பல்வலி போல என்று நினைத்தேன். "ஏய், நீ எங்கடே இங்க?" என்றேன் ஊர்ப்பாசத்தில். அது மரத்துக்கு ஓடும் என்று பார்த்தால், கல்லின் அடியில் இருந்த ஒரு துவாரத்துக்குள் விழுந்துவிட்டது.

விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நம்ம அணில் மரத்தில் இருக்கும், கூரையில் இருக்கும், சாமி படத்துக்குப் பின்னால் தேங்காய் நார் அடைத்துக் குட்டி போடும். மண்ணுக்குள் போகாது. மண்ணில் துவாரம் என்றால் எலி. எலி இல்லை என்றால் எலியைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கும் பாம்பு. அந்நிய மண்ணில் வழிதெரியாமல் பாம்புப் பொந்தில் விழுந்த நம்மூர்ப் பிள்ளையைக் காப்பாற்றுவோம் என்று மண்டியிட்டு ஆள்காட்டி விரலை உள்ளே விட்டேன்.

சுருக்கென்றது. எடுத்துப் பார்த்தால் அருகருகே இரண்டு புள்ளி ரத்தம்.

இரண்டு புள்ளி என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்கும் சொல்லித் தர வேண்டாம். கைக்குட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். கட்டியது கயிற்றுக்கடைக்காரன் முடிச்சு. சரக்குக் கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்துகிற முடிச்சு. தெருமுனைக்கு வருவதற்குள் கை நீலம் பாரித்தது. விஷம் ஏறுகிறது என்று தலை சுற்றியது. அங்கே ஒரு தமிழர் கடை. உள்ளே போய்க் கையை நீட்டினேன். கடைக்காரர் கையைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார். "அண்ணை, இதை அவுத்து விடுங்கோ, ரத்தம் ஓடட்டும்" என்றார். அவிழ்த்ததும் விஷம் இறங்கிவிட்டது. வெட்கத்தில் ஒரு போன் கார்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் நண்பன் பீட்டரைக் கூப்பிட்டேன்.

"எலேய், பாம்பு கடிச்சவன் கார்டு வாங்கி, அதைச் சுரண்டி, இத்தனை நம்பரையும் தப்பில்லாம அமுக்கிப் பேசுவானா?" என்றான். "பாம்பு இல்ல. உள்ள போன அணிலுதான் கடிச்சிருக்கும்."

மனசு குளிர்ந்துபோனது. "அப்ப ஒண்ணுமில்லையே?"

பீட்டர் யோசிக்க ஆரம்பித்தான். அதுதான் ஆபத்து.

"பல்லு இருக்கிற எதுவும் கடிச்சா கணக்கு ஒண்ணுதான்ல. வெறிநாய்க்கு என்ன செய்வோம்? கடிச்ச நாயைப் பத்து நாள் பாப்போம்லா? அது மாதிரி அந்த அணிலைப் பாரு. அது உசுரோட இருந்தா நீயும் இருப்ப."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா எனக்கு ஒரு போன் போடு."

இந்தப் பத்து நாள் கணக்கு எங்கள் ஊரில் வேதவாக்கு. கடித்த நாயை யாரும் அடிக்க மாட்டார்கள். கட்டிப்போட்டுச் சோறு வைத்து, மாப்பிள்ளை மாதிரி கவனிப்பார்கள். கடிபட்டவன் காலையில் எழுந்ததும் முகம் கழுவாமல் போய் நாய் முகத்தில் விழிப்பான். நாய்க்கு ஒரு தும்மல் வந்தால் இவனுக்குப் பேதி போகும். தொப்புளைச் சுற்றி ஊசி போடுகிற காலம் போய் வருஷக்கணக்கு ஆகியும், அந்த ஊசி என் தொப்புளைச் சுற்றி இன்னும் வட்டமிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. டாக்டரிடம் போகலாம்தான். போனால் ஊசி. சொன்னால் ரெஜினா விழாவை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். விரலில் ஒட்டிய பிளாஸ்திரிக்குக் காரணம், வெங்காயம் நறுக்கியது என்றேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது ரெஜினா தண்ணீர் வைத்தாள். ஒரு மடக்கு குடித்தேன். தொண்டை அடைத்தது. உள்ளே போன தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வந்தது.

தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. இந்த நோய்க்கு முதல் அடையாளமே அதுதான். கடித்து ஆறு மணி நேரத்திலேயே வந்துவிட்டது. என் பெண்களின் முகம் வரிசையாக வந்துபோனது.

"அண்ணைக்குக் காஸ் இல்லாத தண்ணி வையும்" என்றார் அருள், ரொட்டி ஆலைக்குக் கிளம்பிக்கொண்டே. "சோடாத் தண்ணி பழக்கமில்லை."

இந்த நாட்டில் குடிதண்ணீரே சோடாவாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முகம் கழுவாமல் கல்லறைக்குப் போனேன். அந்தச் சாம்பல் கல்லுக்கு எதிர்ப் பெஞ்சில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தாள். எழுபது தாண்டிய வயது, ஆண்பிள்ளைச் செருப்பு, மடியில் தோல் உரித்த கொட்டைகள். கொஞ்ச நேரத்தில் துவாரத்திலிருந்து ஒரு மூக்கு வந்தது, பிறகு காது, பிறகு முழு அணில். உயிரோடிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் என் கண்ணைப் பார்த்தாள், அணிலைப் பார்த்தாள், பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். இவ்வளவு அன்போடு ஒரு அணிலைப் பார்த்த ஆம்பிளையை அவள் அதுவரைக்கும் பார்த்ததில்லை போல.

ஃப்ராவ் விங்க்லர் என்று தன் பெயரைச் சொன்னாள். பிறகு அரை மணி நேரம் ஜெர்மன் பேசினாள். நான் தமிழில் பதில் சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

அன்றுதான் கோட்டை எண்ணினேன். ஐந்து. கன்னங்கரேலென்று ஐந்து கோடு, நடுவில் வெளிர்ப் பட்டை. ராமர் மூன்று விரலால்தான் தடவினார். இதை யாரோ முழுக்கையும் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். நிறமும் நம்ம அணில் இல்லை, ஈரமணலின் மஞ்சள். வால் நுனி மொட்டை. அது எனக்கு வசதி. நூறு அணில் வந்தாலும் என்னைக் கடித்தது எது என்று அடையாளம் சொல்லலாம்.

ஃப்ராவ் விங்க்லர் கொட்டைகளை நீட்ட, அது வந்து ஒவ்வொன்றாக வாயில் போட்டது. தின்னவில்லை. திணித்தது. இரண்டு கன்னமும் நாதஸ்வரக்காரருக்கு உச்ச ஸ்தாயியில் வீங்குகிற மாதிரி வீங்கின. நேற்றுப் பல்வலி என்று நினைத்தேனே, அது பல்வலி இல்லை, பை. கன்னத்துக்குள்ளேயே இரண்டு பை தைத்துக் கொடுத்திருக்கிறான் கடவுள். நிறைந்ததும் துவாரத்துக்குள் போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தது. என் பையிலிருந்த ஊர்க் கடலையைத் தரையில் வைத்தேன், விரலைப் பத்திரமாக மடக்கிக்கொண்டு. அதையும் திணித்துக்கொண்டு போனது. அதன் பசியைப் பார்த்து எனக்குப் பசித்தது. நோயாளி இப்படிச் சாப்பிட மாட்டான்.

அன்று மத்தியானம் ரெஜினா என்னை மெழுகுவர்த்தி வாங்க அனுப்பினாள், தொங்கு ரயிலில். ஆற்றுக்கு மேலே தண்டவாளம் போகிறது, பெட்டி அதன் அடியில் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு போகிறது. கீழே நெடுக வுப்பர் ஆறு. தண்ணீரைப் பார்த்தால் பயம் வருகிறதா என்று சோதித்துவிடலாம் என்று குனிந்து பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. தண்ணீருக்குப் பயந்தேனா, தொங்குவதற்குப் பயந்தேனா என்று பிரித்தறிய முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். யாரோ தோளைத் தட்டியபோது கடைசி நிலையம் வந்திருந்தது. "எல்லாரும் இறங்கியாச்சு" என்று கையால் சொன்னார் ஒரு தாத்தா. மறுபடி ஏறி, இந்தமுறை கண்ணைத் திறந்துகொண்டே வந்தேன். மெழுகுவர்த்தியை மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை மழை. தூத்துக்குடிக்காரனுக்கு மழை என்றால் விசேஷம், குடை பிடிக்காமல் நின்று வேடிக்கை பார்ப்பான். வுப்பர்டாலில் அது பெய்துகொண்டே இருக்கும் ஒரு சாதாரண விஷயம். அருளின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை மேலே போனேன். துவாரத்தில் அசைவில்லை. கொட்டை வைத்தேன், கடலை வைத்தேன், கடைசியில் கட்லட் ஒன்றைப் பிட்டு வைத்தேன். வரவில்லை. மூன்றாவது தடவை அந்த ஈரக் கல்லின் முன்னால் நின்றபோது, என் கல்லறையையே பார்க்கிற மாதிரி இருந்தது. கல்லின்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்த வரிசை முழுக்க எல்லாக் கல்லிலும் இருந்தது. பின்வரிசையில் கல்லே இல்லை, புரட்டிப்போட்ட மண். ஒரு சின்ன மஞ்சள் எந்திரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

ஞாயிறு வெயில். பூசையில் மருமகள் வெள்ளை உடையில், என் கருப்பட்டி நிறத்துக் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு நடந்தாள். மற்றவர்கள் அவளுக்காக வேண்டிக்கொண்டார்கள். நான் மொட்டைவால் அணிலுக்காக வேண்டிக்கொண்டேன். வீட்டில் விருந்து. ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர்கள் கொண்டுவந்த கேக். போட்டோ எடுக்கக் கூப்பிடும் நேரம் பார்த்துப் பட்டுச்சட்டையோடு நழுவினேன்.

மேலே, கல்லின் உச்சியில், முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் உயிர். பெஞ்சில் ஃப்ராவ் விங்க்லர். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

பின்னாலேயே ரெஜினா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். "அண்ணே, உங்களுக்கு என்ன விசரே? வீட்டில சனம் முழுக்க நிக்குது, நீங்கள் இஞ்ச அணில் பாக்கிறீங்கள்."

விசர் என்றால் அவர்கள் பேச்சில் பைத்தியம். வெறிநாயை விசர்நாய் என்பார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அதற்குள் ஃப்ராவ் விங்க்லர் அவள் கையைப் பிடித்துப் பேச ஆரம்பித்துவிட்டாள். ரெஜினா எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாள்.

"அது பெட்டையாம். உள்ளுக்குக் குட்டி இருக்காம். ஆம்பிளை அணில் கிட்ட வந்தாலும் கலைக்குமாம், ஒவ்வொண்டும் தனித்தனிக் குடித்தனமாம்."

"நேத்து ஏன் வரல? கேளு."

"மழைக்கு வராதாம். யார் வருவினம்?"

அப்படியும் ஒரு விடை இருந்திருக்கிறது.

ஃப்ராவ் விங்க்லர் கல்லைக் காட்டிப் பேசினாள். அது அவள் புருஷன் கல். இந்த அணில்கள் இந்த ஊர்ப் பிறப்பில்லையாம். பூர்வீகம் சைபீரியாப் பக்கம். ஒரு காலத்தில் கடைகளில் கூண்டோடு விற்றார்களாம். குளிர்காலத்தில் தூங்கிவிடும் என்பது தெரியாமல், செத்துப்போயிற்று என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டாம், அலுத்துப்போய்த் திறந்துவிட்டவர்களும் உண்டாம். மிச்சம் மலையில் குடியேறிவிட்டன. அவள் புருஷனுக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. வீட்டுத் தோட்டத்தில் அவர் நட்ட டியூலிப் கிழங்கையெல்லாம் தோண்டித் தின்றுவிடும். விளக்குமாற்றோடு துரத்துவாராம். "இப்ப அவரின்ர தலைமாட்டிலயே வீடு கட்டி இருக்கு, அவரால எழும்பிக் கலைக்க ஏலாது எண்டு சிரிக்கிறா" என்றாள் ரெஜினா.

பிறகு சிரிப்பு நின்றது. ஸ்டிக்கரைக் காட்டினாள்.

இங்கே கல்லறைக்குத் தவணை உண்டு. இத்தனை வருஷம் என்று இடம் கொடுப்பார்கள். முடிந்ததும் கல்லை எடுத்து, மண்ணைச் சமன் செய்து புல் விதைத்துவிடுவார்கள். சில இடங்களுக்கு நீட்டிக்கலாம். அந்த வரிசைக்கு நீட்டிப்பு கிடையாது. எங்கள் ஊரிலும் பழைய குழியைத் திரும்ப வெட்டத்தான் செய்வோம். ஆனால் முன்கூட்டியே ஸ்டிக்கர் ஒட்டிச் சொல்ல மாட்டோம்.

"நாளைக்கு இந்த வரிசையாம்" என்றாள் ரெஜினா. அவள் குரலும் இறங்கியிருந்தது. "அவரை எடுக்கட்டும், அவர் போய்க் கனகாலம் என்கிறா. குட்டிகளுக்கு இன்னும் கண் திறந்திருக்காது என்கிறா. போய்க் கேட்டவவாம். மனுசருக்கு ஆன்ட்ராக் இருக்கு, அணிலுக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டினமாம்."

விண்ணப்பம் என்பதற்கு அங்கே எல்லாத் தமிழரும் ஆன்ட்ராக் என்றுதான் சொல்கிறார்கள். கல்லின்மேல் இருந்த அணில் ஒரு காய்ந்த இலையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு கீழே இறங்கியது. தொட்டிலுக்கு மெத்தை.

எனக்கு வந்த முதல் யோசனை அவ்வளவு உயர்ந்தது அல்ல. வியாழன் கடித்தது. நாளை திங்கள். எந்திரம் ஏறி இது செத்தால், நோயில் செத்திருக்குமா, எந்திரத்தில் செத்ததா என்று பீட்டரால்கூடச் சொல்ல முடியாது. இரண்டாவது யோசனை கொஞ்சம் தாமதமாக வந்தது: அந்தக் கண் திறக்காதவை எத்தனை இருக்கும்?

திங்கள் காலை. வேலை முடிந்து வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அருளிடம் பிளாஸ்திரியைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பாம்பு, முடிச்சு, பீட்டர், சோடா. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்க முடியாமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து மறுபடி சிரித்தார்.

"அண்ணை, டொக்டரிட்ட நேரம் கேட்டு ஒரு டெர்மின் எடுக்கிறன். போவம்."

"டாக்டர் ஓடிட மாட்டார் மாப்பிள்ளை. முதல்ல மேல போவோம். நீங்க பேசணும்."

அருள் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது. "பிளாஸ்திரியை ஒட்டாதேங்கோ. அது அப்பிடியே இருக்கட்டும்."

நாங்கள் போகும்போது எந்திரம் வரிசையின் மறுமுனையில் உறுமிக்கொண்டிருந்தது. ஃப்ராவ் விங்க்லர் பெஞ்சில் இல்லை. கல்லுக்கு முன்னால், துவாரத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி ஒரு பெரிய உருவம், செம்பட்டை மீசை. அருள் அவரிடம் போய், கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில் பேசினார். பின்னால் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னது இது:

"இவர் இந்தியாவிலிருந்து வந்த என் மனைவியின் அண்ணர். இந்தப் பொந்தில் இருக்கும் பிராணி இவரைக் கடித்துவிட்டது. இவருடைய ஊர் மருத்துவ ஆலோசகர், கடித்த பிராணியைப் பத்து நாள் கலைக்காமல் கவனிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்."

பீட்டருக்கு இந்தப் பதவி உயர்வு இன்றுவரை தெரியாது.

நான் விரலை நீட்டினேன். மேஸ்திரி அதைப் பார்த்தார். பொந்தைப் பார்த்தார். கல்லைப் பெயர்க்கக் கையுறை மாட்டிக்கொண்டிருந்த தன் ஆட்கள் இருவரையும் பார்த்தார். அவர்களும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையுறையைக் கழற்றினார்.

"எத்தனை உள்ளே?"

"தாயும் குட்டிகளும்."

மேஸ்திரி மீசையைத் தேய்த்தார். "கடிக்கிற இடத்தில் என் ஆட்கள் கை வைக்க மாட்டார்கள். இந்த ஒன்றைக் கடைசிக்கு வைக்கிறேன். அக்டோபரில் எடுக்கலாம்."

"அக்டோபர் வரைக்கும் ஒண்டுமில்லை, அண்ணை" என்று அருள் என் முதுகில் தட்டினார். சண்டையில் ஜெயித்தவர்கள் மாதிரி நின்றோம்.

ஃப்ராவ் விங்க்லர் கல்லில் இருந்த பெயரின்மேல் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்தாள். பிறகு மேஸ்திரியிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அருளின் கை என் முதுகிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொல்றாங்க?"

"அக்டோபர் வேண்டாமாம்."

"ஏனாம்?"

"அக்டோபரில அது நித்திரைக்குப் போயிடுமாம். சேத்து வைச்ச கொட்டைக்கு மேலேயே படுத்து, பங்குனி வரைக்கும் நித்திரை. இடையில எழும்பிச் சாப்பிட்டிட்டுத் திரும்பப் படுக்குமாம். அந்த நேரம் எடுத்தால் ஓட ஏலாதாம். ஜூலையில எடுக்கச் சொல்லுறா. அதுக்குள்ள குட்டிகள் வளந்து போயிடும், தாய் வேற இடத்தில பொந்து வெட்டித் தீன் சேக்கவும் நாள் இருக்கும் என்கிறா."

மேஸ்திரிக்கு நம்பிக்கை வரவில்லை. "உங்கள் கணவர் கல்லை மூன்று மாதம் முன்னாலேயே எடுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டாராம்.

"ஆம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மேஸ்திரி பேனாவை எடுத்து ஸ்டிக்கரின்மேல் ஜூலை என்று எழுதினார். எந்திரம் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போனது.

இறங்கி வரும் வழியில் அருள் தெருவிளக்குக் கம்பத்தருகே நின்று சிகரெட் பற்ற வைத்தார். "நான் வந்த புதுசில எனக்கு மூண்டு மாசம், மூண்டு மாசமாத்தான் இருக்க விட்டவங்கள் அண்ணை. ஒவ்வொரு முறையும் விசா ஒபிஸ் கதவுக்கு முன்னால நிண்டு, கூட்டித் தாங்கோ, கூட்டித் தாங்கோ எண்டுதான் கேட்டனான். என்னோட நிண்ட எல்லாரும் அதைத்தான் கேட்டவை. குறைச்சுத் தாங்கோ எண்டு கேட்ட ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்."



செவ்வாய்க்கிழமை டாக்டர். இளம்பெண். அருள் சொல்லச் சொல்ல அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இந்த மாதிரிச் சின்னக் கொறிக்கும் பிராணிகளிடமிருந்து அந்த நோய் வருவதாக யாரும் பயப்படுவதில்லை என்றாள். பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும்தான், அணிலுக்கு இல்லையாம். துருப்பிடித்த ஆணிக்குப் போடும் ஊசி ஒன்றைத் தோளில் போட்டாள். தொப்புளை அவள் கேட்கவே இல்லை. நான்தான் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் தினமும் மேலே போனேன். காவல் தேவையில்லை என்று தெரிந்த பிறகுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை அதன் முகத்தில் என் முகத்தையே தேடிக்கொண்டிருந்தேன். ஆபத்து என்று பட்டால் அது சிட், சிட் என்று ஒரே சுருதியில் அடிக்கும். நாய் போனால் ஒரு மாதிரி, தலைக்கு மேல் பருந்து போனால் வேறு மாதிரி. வெளியே வருமுன் வாசலில் மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தை நன்றாக விசாரித்துவிட்டுத்தான் வரும். பொந்தின் வாசலில் ஒரு துணுக்கு மண் கிடக்காது. தோண்டின மண்ணை எங்கே கொண்டுபோகிறது என்று நானும் ஃப்ராவ் விங்க்லரும் எவ்வளவோ பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. மரம் ஏறத் தெரியும், ஆனால் ஏறி இருந்துவிடாது. எவ்வளவு உயரம் போனாலும் சாயங்காலத்துக்குள் மண்ணுக்குத் திரும்பிவிடும். கிளம்புவதற்கு முந்தின நாள் மிச்சமிருந்த ஊர்க் கடலை முழுவதையும் கல்லடியில் கொட்டினேன். எத்தனை நடையில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று எண்ணவில்லை. ஃப்ராவ் விங்க்லர் பிளாஸ்கிலிருந்து எனக்குக் காப்பி ஊற்றினாள்.

ஜூலைக் கடைசியில் ரெஜினா போன் செய்தாள். கல்லை எடுத்துவிட்டார்களாம். ஃப்ராவ் விங்க்லர் பக்கத்தில் நின்று பார்த்தாளாம். அன்றைக்கும் அந்த ஆண்பிள்ளைச் செருப்புதான். கல்லின் அடியில் காய்ந்த இலைகளைச் சுருட்டிச் செய்த ஒரு பந்தும், ஒரு கைப்பிடி கடலைத் தோலும் இருந்தனவாம்.

நடந்தது இவ்வளவுதான். குட்டி போட்டிருந்த ஒரு தாய், தன் வாசலில் விரலை விட்டவனைக் கடித்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லை எடுத்தபோது பொந்துக்குள் யாரும் இல்லை.